முதல் கம்பி அறுந்த இடம்: சேலத்துக் கிட்டார் ஒன்றின் பிரிட்ஜ் ஆய்வு

முதல் கம்பி அடிக்கடி அறுகிறது என்று எங்கள் பட்டறைக்கு வந்த கிட்டாரோடு ஒரு தீப்பெட்டியும் வந்தது. உள்ளே, பால் எண்டோடு (கம்பியின் அடிமுனைக் குண்டு) மிஞ்சிய ஆறு கம்பித் துண்டுகள். வாசிப்பவர் அவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான் பாதி வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது.

வாத்தியம் ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை எலெக்ட்ரிக் கிட்டார். 25.5 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), அதாவது 648 மி.மீ. ஆறு திருகில் நிற்கும் ட்ரெமோலோ பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும், கைப்பிடியால் ஆட்டக்கூடிய பாலம்), அதன் மேல் தகட்டை வளைத்துச் செய்த சாடில்கள் (ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சிறு தாங்கி), மேலே குரோம் முலாம். சேலத்தில் மெல்லிசைக் குழுவோடு வாரத்துக்கு இரண்டு மூன்று மேடை, ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் ஒரு தேவாலயத்தில் வாசிப்பு என்று ஓய்வில்லாத கிட்டார். போட்டிருந்தது ஒன்பது செட், அதாவது முதல் கம்பி 0.009 அங்குலத் தடிமன்: 009, 011, 016, 024, 032, 042. முதல் கம்பி சில சமயம் இரண்டு வாரம் தாங்கும். சில சமயம் மேடையில் இரண்டாவது பாட்டிலேயே போய்விடும். அறுந்தது ஒவ்வொரு தடவையும் பிரிட்ஜ் பக்கம்தான்.

பட்டறைக்கு வரும் முன்பே பல வைத்தியம் நடந்திருந்தது. கம்பி பிராண்டை மூன்று முறை மாற்றினார்கள். பத்து செட் போட்டுப் பார்த்தார்கள். விலை கூடிய கோட்டிங் கம்பியும் ஒரு மாதம் ஓடியது. மலை ஏறும்போது கம்பி இறுகி அறுகிறது என்று யாரோ சொல்ல, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆறு கம்பியையும் தளர்த்தி எடுத்துப்போய் மேலே மறுபடி சுதி சேர்த்தார்கள். முதல் மூன்றும் வீண் செலவு. நான்காவது நிலைமையை மோசமாக்கியது. கம்பி சாடில் மேல் ஒருமுறை மடிந்த இடத்தில் எஃகு நிரந்தரமாக வளைந்துவிடுகிறது. தளர்த்தினால் அந்த மடிப்பு நகர்ந்து நிமிர்கிறது, இறுக்கினால் மறுபடி மடிகிறது. வாரம் ஒரு தடவை ஒரே இடத்தை மடித்து நிமிர்த்தினால் கட்டுக்கம்பியே முறிந்துவிடும், 0.23 மி.மீ. கம்பி எம்மாத்திரம்.

முதலில் துண்டுகளை அளந்தோம். பால் எண்டின் அடியிலிருந்து அறுந்த முனை வரை வெர்னியரில் பார்த்தால், ஆறில் நான்கு துண்டு 31 மி.மீ.க்கு அரை மி.மீ. முன்பின். மற்ற இரண்டும் 20 மி.மீ. புதுக் கம்பி ஒன்றைக் கோத்து, சாடில் முகட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்து வெளியே எடுத்தபோது புள்ளி சரியாக 31-ல் விழுந்தது. 20-ல் என்ன இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்ததில், பிரிட்ஜ் தகட்டில் கம்பி வெளியே வரும் துளையின் முன் விளிம்பு. ஆக ஒரே கம்பிக்கு இரண்டு கத்தி. முகட்டை மட்டும் தேய்த்து அனுப்பியிருந்தால் அடுத்த மாதம் கிட்டார் திரும்பி வந்திருக்கும்.

அடுத்து முனைகள். நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லூப்பில் பார்த்தால் அறுந்த முனை நிறையச் சொல்லும். முனை பென்சில் சீவினதுபோல் மெலிந்திருந்தால் அளவு மீறி இழுபட்டு அறுந்தது என்று பொருள். மெலியாமல் மொட்டையாக, பாதி மங்கல் பாதி பளபளப்பாக இருந்தால், ஒரு கீறலில் தொடங்கிய வெடிப்பு நாளடைவில் உள்ளே போய், மிச்சம் இருந்த பகுதி ஒரே இழுப்பில் விட்டது. முனைக்குப் பக்கத்தில் செம்புள்ளி தெரிந்தால் துரு. கம்பி சுருள் சுருளாக முறுக்கவிழ்ந்திருந்தால் அது அறுந்ததே இல்லை. பால் எண்டில் போட்ட முறுக்கு நழுவியிருக்கிறது, குறை அந்தக் கம்பியில். இங்கே ஆறு முனையும் மொட்டை. ஒன்றில் மட்டும் துரு.

கணக்கையும் இந்த இடத்தில் பார்த்துவிடலாம், ஏனென்றால் 'தடிச்ச கம்பி போடு, அறாது' என்ற ஆலோசனை சேலத்தில் எந்த வாத்தியக் கடையிலும் இலவசமாகக் கிடைக்கும். ஒரே நீளம், ஒரே சுருதி என்றால் ஒரு சதுர மி.மீ. எஃகின் மேல் விழும் இழுவை கம்பியின் தடிமனைப் பொறுத்ததல்ல. 648 மி.மீ. ஸ்கேலில் முதல் கம்பியை ஈ சுருதிக்கு ஏற்றினால் சதுர மி.மீ.க்குச் சுமார் 146 கிலோ. 009 ஆனாலும் 010 ஆனாலும் அதே 146. மொத்த இழுவைதான் 6 கிலோவிலிருந்து 7.4 கிலோவாகிறது, தாங்கும் பரப்பும் அதே விகிதத்தில் கூடிவிடுகிறது. இந்த மெல்லிசான மியூசிக் வயர் சதுர மி.மீ.க்கு 270 கிலோ அளவுக்குத் தாங்கும். கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளி ஒரு முழுச் சுரம் பெண்ட் செய்தால் 146 என்பது 184 ஆகும், ஒன்றரைச் சுரத்துக்கு 206. அப்போதும் மிச்சம் இருக்கிறது. நல்ல கம்பி, நல்ல சாடில் என்றால் வெறும் பெண்டில் அறாது. தடித்த கம்பியில் ஓரளவு ஆயுள் கூடுவது உண்மைதான். அதே ஆழக் கீறல் தடித்த கம்பியில் சிறு பங்கைத்தான் தின்னும், கையும் பெண்டைக் குறைத்துக்கொள்ளும். நோய் அப்படியே இருக்கும்.

இரண்டாம் கம்பிக்கு இதே கணக்கில் 82 கிலோ, மூன்றாம் கம்பிக்கு 52 கிலோதான். முதல் கம்பி அடிக்கடி போவதற்குக் காரணம் இதுவே. மூன்றாம் கம்பி பிரிட்ஜில் அறுந்தால் இழுவையைக் குறை சொல்ல முடியாது, உலோகத்தில்தான் தேட வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. இந்தக் கடைசி விஷயம் இந்தக் கிட்டாரில் பின்னால் தேவைப்பட்டது.

மலைக் கதைக்கும் இதே கணக்குப் போடலாம். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. மே மாத மதியம் கீழே 38 டிகிரி, இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி மேலே இரவு 18 டிகிரி என்று வைத்தாலும், 20 டிகிரி குளிர்ச்சியில் எஃகு சுருங்குவதால் முதல் கம்பியின் இழுவை மூன்று சதவீதம் சொச்சம்தான் ஏறும். 146 கிலோ 151 ஆகும், அவ்வளவே. அதிலும் ட்ரெமோலோ ஸ்பிரிங் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அரைச் சுரத்தில் கால் பங்கு அளவுக்குச் சுதி ஏறும், சேர்த்துக்கொண்டால் போதும். அந்தத் துருப் புள்ளிக்குத்தான் மலை பொறுப்பு. ஏற்காட்டில் பனிமூட்டத்தில் குளிர்ந்த கிட்டாரைக் கேஸில் போட்டுக் கீழே கொண்டுவந்து, சேலத்துப் புழுக்கத்தில் உடனே திறந்தால் கம்பியின் மேல் நீர் கோத்துக்கொள்ளும், ஐஸ் வாட்டர் டம்ளருக்கு வெளியே வேர்ப்பதுபோல. விரல் வியர்வையின் உப்பும் சேர்ந்தால் ஒரே இரவில் புள்ளி விழும். இறங்கி வந்ததும் அரை மணி நேரம் கேஸைத் திறக்காமல் வைத்தால் போதும். கேஸுக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம், வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்து ஒரு துடைப்பு. அடிப்பக்கத்தை யாரும் துடைப்பதில்லை.

இனி உலோக வேலை. கருவிகள் எல்லாம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்கள் வாங்கும் கடைகளிலேயே கிடைத்துவிடும்: 2 மி.மீ. உருண்டை ஊசி அரம், லூப், 400, 800, 1500 நம்பர் வாட்டர் பேப்பர், ஒரு பிராசோ டின், பருத்திக் கயிறு. கிட்டாருக்கென்று விற்கும் அரம் இந்த வேலைக்குத் தேவையில்லை. சாடிலின் உயரத் திருகுக்கு இந்தக் கிட்டாரில் 1.5 மி.மீ. ஆலன் கீ பொருந்தியது. அமெரிக்கத் தயாரிப்பு என்றால் 0.05 அங்குலக் கீ வேண்டும்; 1.5-ஐப் போட்டுத் திருகப் பார்த்தால் நுழையாது, சின்ன மில்லி மீட்டர் கீயைப் போட்டால் தலை வழுக்கிவிடும்.

பழைய கம்பிகளை அவிழ்த்து ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு சாடிலின் இருபுற உயரத்தையும், தகட்டின் பின்சுவரிலிருந்து அது நிற்கும் தூரத்தையும் எழுதிக்கொண்டோம். பிறகு பஞ்சுச் சோதனை. ஒரு சிட்டிகைப் பஞ்சை முகட்டின் மேலும் சாடிலின் ஓட்டை விளிம்பிலும் இழுத்தால், பிசிறு இருக்கும் இடத்தில் நார் மாட்டிக்கொள்ளும். முதல் சாடிலிலும் இரண்டாவதிலும் மாட்டியது. லூப்பில் பார்த்தால் முதல் சாடில் முகட்டில் கம்பி தானே அறுத்துக்கொண்ட பள்ளம், கிட்டத்தட்ட 0.3 மி.மீ. ஆழம், அடி கூர்மையான வி வடிவம். ஓரத்தில் குரோம் சில்லு பெயர்ந்து, நிற்கும் கண்ணாடித் துண்டுபோல் தூக்கிக்கொண்டிருந்தது. குரோம் எஃகைவிடக் கடினம். உரியாதவரை நல்லது, உரிந்துவிட்டால் பிளேடு.

சாடிலைக் கழற்றி எடுத்துத்தான் ராவ வேண்டும். கிட்டாரிலேயே வைத்து ராவினால் எஃகுத் தூள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) காந்தத்தில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். அப்படியும் கழற்றாமல் செய்வதென்றால் பிக்கப் மூன்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிட வேண்டும்.

சாடில் ஓட்டையின் முன் விளிம்பில் ஊசி அரத்தால் தள்ளும் திசையில் மட்டும் நாலைந்து இழுப்பு. கூர் போனால் போதும். முகட்டில் பள்ளத்தை இன்னும் ஆழமாக்கக் கூடாது, இந்தத் தப்பைத்தான் பலர் செய்கிறார்கள். பள்ளத்தின் இருபுறத் தோளையும் 400 பேப்பரால் இறக்கி, பள்ளம் கம்பியின் தடிமனில் பாதிக்கும் குறைவாக, அடி உருண்டையாக வரும்வரை தேய்க்க வேண்டும். முகட்டின் உச்சி நெக் (கிட்டாரின் கழுத்து) பக்கமாகவே இருக்க வேண்டும். உச்சி தட்டையாகிவிட்டால் கம்பி எந்தப் புள்ளியில் முடிகிறது என்று அதற்கே தெரியாது. தம்புராவின் ஜீவா நூல் வைத்ததுபோல் இரையும். அங்கே அது அழகு, இங்கே தொல்லை. பிறகு 800, 1500. கடைசியில் பருத்திக் கயிற்றில் பிராசோ தோய்த்து, சாடிலை வைஸில் பிடித்துக்கொண்டு, தயிர் கடைவதுபோல் இருபுறமும் நாற்பது ஐம்பது இழுப்பு. கம்பி வரும் கோணத்திலேயே கயிறும் போக வேண்டும். முடிந்ததும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைக்க வேண்டும், பிராசோவின் பொடி மிச்சம் இருந்தால் அதுவே கம்பியை அரிக்கும்.

தகட்டுத் துளைக்கு பிரிட்ஜ் முழுவதையும் கழற்ற வேண்டியிருந்தது. பின்மூடியைத் திறந்து, ஸ்பிரிங்குகளைக் கழற்றி, ஆறு திருகையும் எடுத்தபின் குறை தெளிவாகத் தெரிந்தது: அடியில் இருக்கும் பிளாக்கின் (பால் எண்டுகள் உட்காரும் உலோகக் கட்டை) துளையும் மேல் தகட்டின் துளையும் அரை மி.மீ. விலகி நின்றன. விலை குறைந்த பிரிட்ஜ்களில் சாதாரணம். போதாக்குறைக்கு, ஸ்வரசுத்தம் (நெக் முழுவதும் சுருதி சரியாக ஒலிப்பது) சரிசெய்யும்போது முதல் கம்பியின் சாடில்தான் எல்லாவற்றையும்விட நெக் பக்கம் முன்னே போய் நிற்கும். ஆக்‌ஷன் (நெக்குக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) தாழ்வாக வேண்டும் என்று சாடிலைத் தகட்டோடு ஒட்டுமளவுக்கு இறக்கியும் வைத்திருந்தார்கள். முன்னே போன, தாழ்ந்த சாடில் என்றால் கம்பி துளையின் முன் விளிம்பில் உராய்ந்துதான் தீரும். விளிம்பை உருண்டை அரத்தால் அரை மி.மீ. சரிவாக்கி, பேப்பர் போட்டு, கயிற்றால் மெருகேற்றினோம். பிளாக்கை விட்டுத் தகட்டை நகர்த்தி ஒழுங்காக்கத் திருகுத் துளையில் இடம் இல்லை.

சாடிலை உயர்த்த நெக் அடியில் ஷிம் (மெல்லிய அண்டைப் பட்டை) வைக்கப்பட்டது. நெக் பாக்கெட்டில் (நெக் உட்காரும் குழி), உடம்பின் பக்கத்து ஓரத்தில், ஒரு விசிட்டிங் கார்டிலிருந்து வெட்டிய 0.3 மி.மீ. பட்டை. அவ்வளவு சின்னச் சாய்வுக்கே பிரிட்ஜில் சுமார் 1 மி.மீ. உயர்த்த இடம் கிடைத்தது, ஆக்‌ஷன் பழையபடியே. இதில் ஒரு விலை உண்டு. சாடில் ஏறினால் முகட்டின் மேல் கம்பி மடியும் கோணம் கூடும். அதனால் முகட்டை மெருகேற்றிய பிறகுதான் ஷிம், முன்னால் வைத்தால் ஒரு கத்தியிலிருந்து தப்பி இன்னொன்றில் அழுத்தமாக விழுந்த கதை.

ஷிம் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு எளிய வழி: மெல்லிய மின்வயரின் மேலுறையை 8 மி.மீ. நீளத்துக்கு உரித்துக் கம்பியில் கோத்துக்கொள்வது. உறை தகட்டு விளிம்பை மூட வேண்டும், முகட்டுக்கு 2 மி.மீ.யாவது முன்பே நின்றுவிட வேண்டும். முகட்டின் மேல் ஏறிவிட்டால் கம்பி கம்பளி போர்த்தியதுபோல் ஒலிக்கும்.

கடைசியாக எண்ணெய். தையல் மெஷின் எண்ணெய், குண்டூசி முனையில் தொட்ட அளவு, ஒவ்வொரு முகட்டிலும். ட்ரெமோலோ கைப்பிடியை அழுத்தும்போது கம்பி சாடில் மேல் முன்னும் பின்னும் நகர்வதால் இந்தத் துளிக்கு மரியாதை உண்டு. முலாம் போன இடத்தில் துரு ஏறாமலும் காக்கும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது 24 டிகிரிக்குக் கீழே உறையும், ஏற்காட்டில் பாதி வருடம் சாடிலில் மெழுகாக நிற்கும், தூசியையும் சேர்த்துப் பிடிக்கும்.

புது ஒன்பது செட் போட்டு அனுப்பிய மூன்றாவது வாரம் கிட்டார் மறுபடி வந்தது. மூன்றாம் கம்பி, 016, முகட்டில் அறுந்திருந்தது. 52 கிலோ இழுவையில் அறுகிற கம்பி இல்லை அது. தவறு பட்டறையினுடையது: மூன்றாம் சாடில் பஞ்சுச் சோதனையில் தேறியதால் கழற்றாமலே விடப்பட்டது. பஞ்சை முன்னிருந்து பின்னாக மட்டும் இழுத்திருந்தோம். பின்னிருந்து முன்னாக இழுத்தபோது நார் உடனே மாட்டியது. மீன் செதில்போல் ஒருபக்கம் படிந்து மறுபக்கம் தூக்கிய குரோம். இம்முறை ஆறு சாடிலையும் கழற்றி, நான்கு திசையிலும் பஞ்சு இழுத்து, மிச்சம் நான்கையும் மெருகேற்றினோம். இதைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால் கூடுதலாக ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

வாசிக்கும் கையையும் பார்த்தோம். குத்துப் பாட்டுக்கு ரிதம் அடிக்கும்போது 1 மி.மீ. பிக் (கம்பியை மீட்டும் வில்லை), பிரிட்ஜிலிருந்து மூன்று விரல் தூரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அங்கே கம்பி விறைப்பாக இருக்கும், ஒவ்வொரு அடியும் முகட்டின் மேல் மடிப்பாகவே போய்ச் சேரும். நடு பிக்கப்புக்கும் நெக் பிக்கப்புக்கும் இடையில் அடிக்கச் சொல்லி, பிக்கை 0.73-க்கு மாற்றியதில் சத்தம் குறையவில்லை. ஆம்ப் இருக்கிறதே.

அதன்பின் எட்டு வாரத்தில் பிரிட்ஜ் பக்கம் எதுவும் அறவில்லை. முதல் கம்பி ஒருமுறை பெக் (சுதி முறுக்கும் ஆணி) பக்கம் போனது, தண்டில் ஏழு எட்டுச் சுற்றுச் சுற்றி ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்ததால். இரண்டு மூன்று சுற்றுப் போதும். மற்றபடி கம்பிகள் மங்கியதற்காக ஐந்தாவது வாரம் செட்டோடு மாற்றப்பட்டன.

வேறு பிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தை. டியூனோமேட்டிக்கில் (கிப்சன் வகை பிரிட்ஜ்) முதலில் டெயில்பீஸைப் (பிரிட்ஜுக்குப் பின்னால் கம்பியின் அடிமுனையைப் பிடிக்கும் பட்டை) பார்க்க வேண்டும். அதை அடிவரை இறக்கி வைத்தால் கம்பி பிரிட்ஜின் பின் விளிம்பில் உராயும். உராயாத உயரத்துக்குத் தூக்கினால் பாதிச் சிக்கல் தீரும். கம்பியைப் பூட்டிப் பிடிக்கும் ட்ரெமோலோவான ஃபிளாய்ட் ரோஸில் கம்பியைக் கவ்வும் சின்னக் கட்டை குழி விழுந்திருந்தால் மாற்ற வேண்டும், ராவக் கூடாது. கவ்வும் திருகை முறுக்கோ முறுக்கு என்று முறுக்கினாலும் கம்பி அங்கேயே நசுங்கி அறும். பால் எண்டின் முறுக்கு நழுவும் கம்பிகளுக்கு முறுக்கின் மேல் ஒரு துளி ஈயம் வைக்கலாம், ஆனால் அயர்னை இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைத்தால் அடுத்த பகுதி எஃகு இளகி, புது இடத்தில் அறும்.

சாடிலைத் தேய்க்க முடியாத அளவு குழி விழுந்திருந்தால் புதிது வாங்குவதே நல்லது. ஆர்டர் போடும் முன் முதல் சாடிலின் நடுவிலிருந்து ஆறாவதன் நடுவரை அளந்து ஐந்தால் வகுக்க வேண்டும். 10.5 மி.மீ., 10.8 மி.மீ., பழைய அமெரிக்க அளவு 11.3 மி.மீ. என்று மூன்றும் சந்தையில் உண்டு, படத்தில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். தப்பான அளவு வந்தால் ஆறும் வரிசையில் உட்காராது. திருகின் மரையும் மில்லி மீட்டர் மரையான எம்3-ஆ, அங்குல மரையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கிராஃபைட் கலந்த சாடில்கள் பிசிறே விடாது, முதல் கம்பியில் ஒலி கொஞ்சம் மென்மையாகும். அது பிடிக்குமா என்பது வாசிப்பவர் பாடு.

இந்தக் கிட்டாரின் கேஸில் இப்போது தனியாக மூன்று 009, ஒரு 016, சின்னக் குப்பியில் மெஷின் எண்ணெய், ஒரு குண்டூசி, கொஞ்சம் பஞ்சு. தீப்பெட்டியும் அதிலேயே கிடக்கிறது, அடுத்து எந்தத் துண்டு விழுந்தாலும் தேதியும் நீளமும் எழுதிப் போட்டுவைக்க.